ஐவிரல் கும்பலின் கடைசிப் பக்கம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டுக் கை துடைத்துக்கொண்டிருந்தேன். மகள் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "அப்பா, சின்ன வயசுல ஒரு வில்லன் கும்பலைப் பத்திப் படிச்சேன்னு சொல்வியே, அது படமா வருது பாரு" என்றாள். இரண்டு நிமிட டிரெய்லர். ஐந்து பேர் மழையில் நனைந்துகொண்டே மெதுவாக நடந்து வருகிறார்கள். இந்தக் காலத்து வில்லன்கள் வெயிலில் வருவதே இல்லை, கவனித்திருக்கிறீர்களா? கடைசியில், ஐந்து பேரில் சுண்டுவிரல் என்கிறவன் ஒரு இரும்புக் கதவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு கையை நீட்டுகிறான். தலைவனான கட்டைவிரல் திரும்பிப் பார்க்கிறான். பார்த்துவிட்டு நடையைக் கட்டுகிறான்.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்ல. "அயோக்கியப் பசங்க! கட்டைவிரல் விட்டுட்டுப் போவானா? கதையே தெரியாம எவன்டா படம் எடுக்கிறவன்?" என்று கத்தினேன். போனைப் பிடுங்கிச் சோபாவில் எறிந்தேன். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "பிரஷர் மாத்திரை போட்டாரான்னு கேளு" என்று மகளிடம் சொன்னாள். என்னிடம் கேட்கவில்லை. நான் அந்த நிலையைத் தாண்டிவிட்டேன் என்று முடிவு செய்திருப்பாள்.

மகள் பொறுமைசாலி. போனை எடுத்துத் துடைத்து, எதையோ தேடிப் படித்துவிட்டு, "அப்பா, ஒரிஜினல் காமிக்ஸ்லயே அப்படித்தான் இருக்காம். படத்துல எதையும் மாத்தலயாம்" என்றாள். பொய் என்றேன். அவள் வாக்குவாதம் செய்யவில்லை. நான்கு நாள் கழித்து, அந்தப் பழைய காமிக்ஸின் மறுபதிப்பு கெட்டி அட்டையோடு வீட்டு வாசலில் வந்து இறங்கியது.

கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்பினேன். சுண்டுவிரல் சிறையில் கிடக்கிறான். மற்ற நால்வரும் படகில் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். படகில் ஏற்கெனவே குள்ளமாக ஒரு புது ஆள் உட்கார்ந்திருக்கிறான். கட்டைவிரல் அவன் தோளில் கை வைத்து, "ஒரு விரல் போனால் இன்னொரு விரல்!" என்கிறான். முற்றும்.

நாற்பது வருடமாக நான் நெஞ்சில் வைத்திருந்த முடிவு அந்தப் புத்தகத்தில் இல்லவே இல்லை. அது சகாயம் சொன்ன முடிவு.

புதுப் புத்தகத்தை முகர்ந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. பழையதற்கு இருந்தது. மக்கிய காகிதம், கோதுமைப் பசை, எலிப் புழுக்கை, கொஞ்சம் மண்ணெண்ணெய், எல்லாம் கலந்த வாசனை. அது குமணன்சாவடியில் யூசுபின் அத்தா வைத்திருந்த பழைய பேப்பர் கடை வாசனை. யூசுப் திருமுல்லைவாயிலில் மாமி வீட்டில் தங்கி எங்களோடு ஏழாவது படித்தான். சனிக்கிழமை ஊருக்குப் போனால் திங்கட்கிழமை காக்கிப் பையில் கட்டு காமிக்ஸோடு வருவான். எல்லாம் எடைக்கு வந்தவை. அட்டை இருந்தால் நடுப்பக்கம் இருக்காது, நடுப்பக்கம் இருந்தால் அட்டை இருக்காது. ஐவிரல் கும்பல் வந்தபோது கடைசி இரண்டு தாள் இல்லை.

எவனோ வெளிநாட்டுக்காரன் எழுதி, எவரோ தமிழாக்கி, சாணித்தாளில் அச்சடித்த கதை. ஐந்து கொள்ளைக்காரர்கள். கட்டைவிரல் தலைவன், குண்டன், பூட்டை அமுக்கியே உடைப்பான். ஆள்காட்டி நோட்டம் பார்ப்பவன். நடுவிரல் நெட்டையன். மோதிரவிரல் நகைக்கடை மட்டும்தான் அடிப்பான். சுண்டுவிரல் குள்ளன், ஆனால் காற்றுப் போகிற ஓட்டை இருந்தால் போதும், அவன் உள்ளே போய்விடுவான். கொள்ளை முடிந்ததும் சுவரில் மையில் கை அச்சு ஒன்று வைத்துவிட்டுப் போவார்கள். அவர்களைப் பிடிக்க அலையும் ஹீரோ ஒருத்தன் இருந்தான். அவன் பெயர் எங்களில் யாருக்கும் அப்போதே தெரியாது.

காமிக்ஸ் முதலில் என் கைக்கு வந்ததாலும், அப்போதே எனக்குத் தொப்பை இருந்ததாலும் நான்தான் கட்டைவிரல். யூசுப் ஆள்காட்டி. ஒட்டிக்கொண்டே திரிந்த அண்ணன் தம்பி இருவர் நடுவிரலும் மோதிரவிரலும். அடுத்த வருடமே அவர்கள் அப்பாவுக்கு மாற்றலாகி ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். சுண்டுவிரல் சகாயராஜ். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் வீடு. அப்பா இல்லை, அம்மா மாதா கோயில் வளாகத்தில் ஆயா வேலை. வகுப்பிலேயே அழகான கையெழுத்து அவனுடையதுதான். ஆசிரியர்கள் கரும்பலகையில் திருக்குறள் எழுத அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

சகாயம்தான் கடைசி இரண்டு தாளை எங்களுக்குச் சொன்னான். கதையில் சுண்டுவிரல் மாட்டிக்கொள்கிற இடத்தோடு எங்கள் புத்தகம் முடிந்துவிட்டது. "அப்புறம் இன்னாடா ஆச்சு?" என்று யூசுப் கேட்டான். சகாயம் கண்ணை மூடி யோசிக்கவெல்லாம் இல்லை. ஏற்கெனவே படித்தவன் மாதிரி சொன்னான்.

"நாலு பேரும் நேரா ஸ்டேஷனுக்குப் போனாங்க மாமே. மொதல்ல கட்டைவிரல்தான் உள்ள போயி டேபிள் மேல கைய வெச்சான். 'சார், சுண்டுவிரல் மட்டும் இல்ல, நாங்களும்தான்'ன்னான். ஒரு விரல் மாட்டுனா அஞ்சும் மாட்டணும். அதான் சட்டம்."

எங்களுக்குப் புல்லரித்துவிட்டது. கொள்ளைக்காரர்களுக்கு அப்படி ஒரு மானம்! அன்று சாயங்காலமே பள்ளிக்கூடத்துப் பின்சுவரில், யூசுப் அவன் அத்தா கடையிலிருந்து கொண்டுவந்த ரப்பர் ஸ்டாம்ப் மையில், ஐந்து பேரும் ஆளுக்கு ஒரு விரலை மட்டும் பதித்து ஒரு கை செய்தோம். ஐந்து பையன்களின் ஐந்து விரல், ஒரே கை. என் கட்டைவிரல் வழக்கம்போல் பெரிதாகிவிட்டது. பார்த்தால் யானைக்கால் வந்த கை மாதிரி இருந்தது. ஆனாலும் பிரமாதம்.

அந்த வருடம் கிறிஸ்துமசுக்குக் கோயிலில் நாடகம் போட சகாயத்திடம் கேட்டார்கள். அவன் எங்கள் கும்பலைப் பெத்லகேமுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டான். மூன்று ராஜாக்களின் பொன்னையும் தூபத்தையும் ஐவிரல் கும்பல் திருடிக்கொண்டு ஓடுகிறது. வழியில் மாட்டுத் தொழுவத்தில் குழந்தையைப் பார்த்து சுண்டுவிரல் தன் பங்கை வைத்துவிடுகிறான். பிறகு ஒவ்வொருவராக மற்ற நால்வரும். நான் தலையணை உறையைத் தலையில் மாட்டிக்கொண்டு கட்டைவிரலாக நின்றேன். மறைக்கல்வி டீச்சர் கொதித்துப்போனார். ஃபாதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வேதாகமத்துல இது எந்த அதிகாரம்டா சகாயம்?" என்று கேட்டார். "கடைசி தாள் கிழிஞ்சி போச்சி ஃபாதர்" என்றான் சகாயம். அவனுக்கு எல்லாக் கதையிலும் கடைசித் தாள் கிழிந்துதான் இருக்கும், அவன்தான் ஒட்டவைப்பான்.

இவ்வளவையும் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். இனிமேல் எழுதப்போவது சிரிக்கிற விஷயம் இல்லை.

சகாயம் பத்தாவதோடு நின்றான். நான் டிப்ளமோ முடித்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தகடு வெட்டுகிற ஒரு சின்னப் பிரஸ் ஷாப்பில் பயிற்சி சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். பேரைச் சொல்ல வேண்டாம். அந்தத் தெருவில் அப்படி இருபது ஷாப் இருந்தது, எதைச் சொன்னாலும் பொருந்தும். சட்டைப் பையில் இரண்டு பேனா குத்திக்கொண்டு திரிந்தேன். ஒன்று எழுதும், மற்றது மரியாதைக்கு. ஆறு மாதம் கழித்து சகாயத்தையும் அங்கே ஆபரேட்டராகச் சேர்த்துவிட்டேன். நான்தான் சேர்த்துவிட்டேன் என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

பிரஸ் என்றால் பெரிய இரும்பு ஆள் ஒருத்தன் வாயைத் திறந்து நிற்பது மாதிரி. கீழ்த்தாடையில் தகட்டை வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் இரண்டு பச்சைப் பட்டன். இரண்டையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேல்தாடை இறங்கும். ஏன் இரண்டு? இரண்டு கையும் பட்டனில் இருந்தால் ஒரு கையும் வாய்க்குள் இருக்காது. அவ்வளவுதான் அதன் தத்துவம். யாரோ ஒரு நல்லவன், தொழிலாளியின் விரலை நினைத்துப் பார்த்த ஒருத்தன், அதைக் கண்டுபிடித்திருக்கிறான்.

எங்கள் தொழிற்பேட்டைக்காரர்கள் அவனைவிடப் புத்திசாலிகள். வலது பட்டனை அமுக்கி, அது மேலே வராதபடி ஓரத்தில் ஒரு மரத்துண்டைச் செருகிவிடுவார்கள். அதற்கு ஆப்பு என்று பெயர். ஆப்பு வைத்துவிட்டால் இடது கையால் ஒரு பட்டனைத் தட்டினாலே போதும். வலது கை தகட்டை வைக்கலாம், எடுக்கலாம். ஒரு ஷிப்டில் ஒன்றரை ஷிப்ட் வேலை நடக்கும். எல்லா ஷாப்பிலும் இது உண்டு. எல்லாருக்கும் தெரியும். யாரும் எங்கேயும் எழுதிவைக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, சரக்கு லேட்டாகுது. மூணாம் நம்பர் மிஷினுக்கு ஒரு கட்டை வெச்சிடுங்க" என்றார். மூன்றாம் நம்பர் சகாயத்தின் மிஷின். நான் பேக்கிங் பெட்டியிலிருந்து ஒரு சட்டத்தை உடைத்து, பேனாக்கத்தியால் செதுக்கினேன். நன்றாகவே செதுக்கினேன். டிப்ளமோவில் வொர்க்‌ஷாப் தேர்வில் எனக்கு முதல் வகுப்பு. கச்சிதமாகப் பொருந்தியது.

சகாயம் அதைப் பார்த்துச் சிரித்தான். மிஷினின் பக்கவாட்டில் அவன் ஒட்டியிருந்த மாதா படத்தைக் காட்டி, "இன்னா மச்சான், ஆப்பு வெக்கிற? அம்மா பாத்துகினு கீறாங்க" என்றான். "ஒரு வாரம்தான்டா. எடுத்துடுவேன்" என்றேன். எடுக்கவில்லை.

மூன்றாவது வாரம், டீக்கு மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, தகடு ஒன்று டையில், அந்த வாய்க்குள் இருக்கிற அச்சில், சிக்கிக்கொண்டது. சகாயம் வலது கையை விட்டு அதை எடுத்தான். இடது கை பட்டனைத் தட்டியது. காலையிலிருந்து அது தட்டிக்கொண்டுதான் இருந்தது. நாள் முழுக்க ஒரு வேலையையே செய்கிற கை, அந்த ஒரு நொடி மட்டும் தானாக நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறவன் மனிதன் இல்லை.

நடுவில் மூன்று விரல் போய்விட்டது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின. இதை நான் கதையில் எழுதியிருந்தால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானே நம்பியிருக்க மாட்டேன்.

மேனேஜர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் தன் தோள் துண்டைக் கிழித்துக் கட்டினார், தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், வழியெல்லாம் "முருகா முருகா" என்றார். காரில் நான் முன் சீட்டில் இருந்தேன். சகாயம் பின்னால் என் பெயரைச் சொல்லி முனகிக்கொண்டிருந்தான். மேனேஜர் என் பக்கம் சாய்ந்து, தணிந்த குரலில், "அந்தக் கட்டைய எடுத்துட்டீங்களா?" என்று கேட்டார். எடுத்துவிட்டேன் சார் என்றேன். உண்மைதான். சகாயத்தைத் தூக்குவதற்கு முன்னால் நான் அதைத்தான் எடுத்தேன். என் கை முதலில் அங்கேதான் போனது. இன்றைக்கும் நான் என்னை மன்னிக்காத இடம் அதுதான். அன்று சாயங்காலம் மின்சார ரயிலில் அம்பத்தூரைத் தாண்டியதும் அந்த மரத்துண்டை ஜன்னல் வழியாக முட்செடிக்குள் எறிந்தேன்.

மறுநாள் காலை மூன்றாம் நம்பர் மிஷினுக்குத் திருஷ்டி கழித்தார்கள். டையைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி, பூசணிக்காய் உடைத்தார்கள். கற்பூர வாசனையோடு மிஷின் ஆயிலின் வாசனையும் சேர்ந்து ஷாப் முழுக்க நின்றது. மிஷினுக்குப் பயம் தெளியவேண்டும் பாருங்கள்! பூஜை முடிந்த கையோடு ஒரு புது ஆள் அதில் உட்கார்ந்தான். சின்னப் பையனில்லை, கல்யாணமானவன், திருநின்றவூர்ப் பக்கம். மாதா படத்தை மட்டும் யாரோ சுரண்டி எடுத்திருந்தார்கள். மறுபதிப்பில் அந்தப் படகையும் புது சுண்டுவிரலையும் பார்த்தபோது எனக்கு இந்தப் பூசணிக்காய்தான் ஞாபகம் வந்தது.

விபத்துக்கு ஒரு படிவம் உண்டு. அதில் காரணம் என்று ஒரு கட்டம். மேனேஜர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: தொழிலாளியின் கவனக்குறைவு. ஒரே வரி. மரியாதைக்கு வைத்திருந்த பேனாவில்தான் எழுதினேன். கீழே மேற்பார்வையாளர் கையொப்பம், அதற்கும் கீழே தொழிலாளி கையொப்பம்.

அதை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சகாயத்தின் வலது கை பஞ்சுப் பொதியாகக் கிடந்தது. அவன் அம்மா கட்டில் காலடியில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "நைனா, நீ கூட இருந்ததால என் புள்ள உசுரோட கீறான்" என்றார். நான் பையிலிருந்து படிவத்தை எடுத்தேன்.

"இன்னாடா எழுதிருக்கு?" என்று சகாயம் கேட்டான்.

"சும்மா ஃபார்மாலிட்டிடா. வழக்கமா எழுதுறதுதான்."

கையில் கிடைத்த சுண்டல் பொட்டலக் காகிதத்தைக்கூட விடாமல் படிக்கிறவன், அதைப் படித்துக் காட்டச் சொல்லவில்லை. நான் சொன்னதே போதும் என்று இடது கையை நீட்டினான். கையெழுத்துப் போட வலது கை இல்லையே. கரும்பலகையில் குறள் எழுதியவனிடம் கைநாட்டு வாங்கினேன். அவன் கட்டைவிரலை நானே பிடித்து, மைப்பெட்டியில் ஒற்றி, காகிதத்தில் அழுத்தினேன். அதே ஸ்டாம்ப் மை வாசனை. அவனுக்கும் அது மூக்கில் ஏறியிருக்க வேண்டும். "சுவத்துல வெச்சோமே, ஞாபகம் கீதா?" என்று சிரித்தான். என் கைக்குட்டையால் அவன் விரலைத் துடைத்துவிட்டேன். எவ்வளவு அக்கறை!

ஒரு வாரம் கழித்து தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்தார். மிஷினுக்குப் புது பெயிண்ட் அடித்திருந்தார்கள், இரண்டு பட்டனும் பளபளவென்று இருந்தன. அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "ரெண்டு பட்டனும் வேலை செஞ்சுதா?" ஆமாம் சார் என்றேன். அவர் குறித்துக்கொண்டு போய்விட்டார். நாலு பேராகக்கூட இல்லை, நான் ஒருத்தன் அன்றைக்கு மேஜை மேல் கை வைத்திருந்தால் போதும். சகாயம் எனக்குக் கதையாகவே சொல்லிக் கொடுத்திருந்தான். அதைக் கேட்டுப் புல்லரித்த கட்டைவிரல், மேனேஜர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பொய் சொன்னான்.

கவனக்குறைவான ஆளை வேலையில் வைத்துக்கொள்ள முடியாதாம். சகாயத்தை நிறுத்திவிட்டார்கள். என்னை நிரந்தரமாக்கினார்கள். நான் அங்கே இன்னும் இரண்டு வருடம் இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மனசாட்சி குத்தி மறுநாளே ராஜினாமா செய்தேன் என்று எழுதினால் படிக்க நன்றாகத்தான் இருக்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில் கேபிளில் ஐவிரல் கும்பல் கார்ட்டூனாக வந்தது. ஆனால் அதில் நாலு பேர்தான். கார்ட்டூன் மனிதர்களுக்கு ஒரு கையில் நாலு விரல்தானே வரைவார்கள். ஐந்தாவதை வரைய நேரமும் கூலியும் மிச்சமாம். அதனால் கும்பலிலும் ஒருத்தனைக் குறைத்துவிட்டார்கள். குறைந்தது யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை. அன்றும் டிவியை அணைத்துவிட்டு எரிந்து விழுந்தேன். பாலைப் பொங்கவிட்டதற்காகத் திட்டுகிறேன் என்று மனைவி நினைத்துக்கொண்டாள்.

சகாயத்தை நான் பார்க்காமல் இல்லை. கல்யாணம், சாவு என்று அங்கங்கே பார்ப்போம். "எப்படிடா இருக்க?" "நல்லா கீறேன் மச்சான்." அதோடு நான் நகர்ந்துவிடுவேன். நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சைக்கிள் ஸ்டாண்ட் வைத்திருந்தான், பிறகு அது பைக் ஸ்டாண்ட் ஆனது. அந்த வழியாக ரயிலில் போகும்போது எதிர்ப்பக்க ஜன்னலில் உட்கார்ந்துகொள்வேன்.

மறுபதிப்பைப் பார்த்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். மாதா கோயில் பூசை முடிந்து வந்து வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தான். முடி எல்லாம் போய்விட்டது. பக்கத்தில் ஏழெட்டு வயதுப் பேரன்.

"டேய், இவரு யார் தெர்தா?" என்று பேரனிடம் கேட்டான் சகாயம். "இவருதான்டா கட்டைவிரல்."

பையனின் கண் விரிந்தது. "மொத ஆளா ஸ்டேஷனுக்குப் போயி டேபிள் மேல கை வெச்சாரே, அவரா?"

"அவரேதான்."

முப்பது வருடமாக இவன் இந்தக் கதையைத் தன் பிள்ளைக்கும், பிள்ளையின் பிள்ளைக்கும் சொல்லி வந்திருக்கிறான். அதில் நான் இன்னும் ஸ்டேஷனுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். பையன் தாத்தாவின் வலது கையைத் தூக்கி எனக்குக் காட்டினான். "தாத்தா மிஷின்ல கவனமா இல்ல. அதான் மூணு விரல் போச்சு. வேலைல கவனமா இருக்கணும்" என்று பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னான்.

நான் எழுதிய வரி. மரியாதைப் பேனாவில் எழுதிய அதே வரி, ஒரு குழந்தை வாயிலிருந்து.

"இல்லடா கண்ணா, அது பொய்" என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "தாத்தா கவனமாத்தான் இருந்தாரு. அந்த மிஷின்ல ஆப்பு இருந்துச்சு. அத வெச்சது நான். அத மறைச்சு எழுதினதும் நான்தான்."

சகாயம் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டான். பேரனிடம், "போயி ஆயாவ டீ போடச் சொல்லு" என்றான். பையன் உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனுக்குத் தெர்யாதா மச்சான்? ஆப்பு என் மூஞ்சிக்கு நேராதானே இருந்துது. ஃபாரத்துல நீ இன்னா எழுதுனன்னும் தெர்யும். வேலய வுட்டு நிறுத்துன அன்னிக்கி மேனேஜரே படிச்சிக் காட்னாரு."

"அப்புறம் ஏன்டா அவன்கிட்ட இப்படிச் சொல்ற?"

"இவன் அப்பன் எங்க வேலைக்குப் போறான் தெர்மா? அம்பத்தூர் எஸ்டேட்லதான். பிரஸ்லதான். வேற எங்க எடுக்குறாங்க? 'மொதலாளி ஆப்பு வெப்பான், நீ இன்னா கவனமா இருந்தாலும் விரல் போவும்'னு நான் என் பையன்கிட்ட எப்டிடா சொல்வேன்? கவனமா இருந்தா ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னாத்தான் அவன் காலைல டிபன் டப்பாவ எடுப்பான். அவன் சம்சாரம் நிம்மதியா தூங்கும். அதான் உன் வரியவே வெச்சிகினேன்."

"இப்ப பட்டன்லாம் இல்லையாமே. சென்சார் வெச்சிட்டாங்கன்னு சொன்னாங்க. கை உள்ள போனா மிஷினே நின்னுடுமாம்" என்றேன். எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"ஆமா, கீது. அது மேல டேப்பு ஒட்டிட்றாங்களாம். பையன்தான் சொன்னான்" என்றான் சகாயம்.

டீ வந்தது. இடது கையால் வாங்கிக் குடித்தான். பையில் இருந்த புத்தகத்தை நான் வெளியே எடுக்கவில்லை. கிளம்பும்போது அவனே கேட்டான்: "அந்த காமிக்ஸு எங்கனா கெடச்சா சொல்லு மச்சான். கடேசி தாள்ல நெஜமா இன்னாதான் ஆச்சின்னு பாக்கணும்." சரி என்றேன். அவன் முடிவுதான் சரியான முடிவு. அந்த வெளிநாட்டுக்காரனுக்கு எழுதத் தெரியவில்லை.

வரும் வழியில் அம்பத்தூரில் இறங்கி அந்தத் தெருவுக்குப் போனேன். ஷாப் இல்லை. கண்ணாடி போட்ட ஆறு மாடிக் கட்டடம், வாசலில் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட பிள்ளைகள். மேனேஜர் செத்துப் பத்து வருடமாகிறது. திருமுல்லைவாயிலில் பள்ளிக்கூடத்துப் பின்சுவரை இடித்து விளையாட்டு மைதானத்தைப் பாதியாக்கி வீடு கட்டிவிட்டார்கள். யூசுபின் அத்தா கடை இருந்த இடத்தில் போன் கவர் விற்கிறார்கள். ரயில்வே கேட்டுக்குப் பதில் மேம்பாலம்.

வீட்டுக்கு வந்து ஒரு வெள்ளைத்தாள் எடுத்து அந்தப் படிவத்தை மறுபடி எழுதினேன். விபத்துக்கான காரணம்: வலது பட்டனில் ஆப்பு. செதுக்கி வைத்தவன்: மேற்பார்வையாளர். வைக்கச் சொன்னவர்: மேனேஜர். தொழிலாளி கவனமாக இருந்தார். கீழே என் கையெழுத்தைப் போட்டேன். பிறகு மகளிடம் மைப்பெட்டி கேட்டு வாங்கி, கட்டைவிரலையும் வைத்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது. கொண்டுபோய்க் கொடுப்பதற்குத்தான் அந்த ஆபீஸும் இல்லை, வாங்கிப் படிக்க ஆளும் இல்லை. அதனால் உங்களிடம் கொடுத்திருக்கிறேன்.